ஓவிய அறைக்கு வருமுன் நீங்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவரிசையில் ஓர் ஓவிய அறை நடத்துகிறேன். கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பவர்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவு அனுப்புபவர்கள், கோயில் திருவிழாவில் கையைப் பிடித்து நிறுத்துபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதில் வருகிறவர்கள் தங்களைப் பற்றி எழுத அனுமதி கொடுத்தவர்கள். அப்படியிருந்தும் வயது, தோட்டம், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

ஓவியச் சிகிச்சை என்றால் என்ன? டிராயிங் கிளாஸா?

இல்லை. டிராயிங் கிளாஸில் படம் நன்றாக வரவேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் கிடையாது. பேச வராத ஒன்று, பேசப் பிடிக்காத ஒன்று, பேசிப் பேசி அலுத்துப்போன ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கையால் வெளியே எடுத்து மேசைமேல் வைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, நிதானமாகப் பார்க்கிறோம். அடிப்படை இதுதான். அதற்கு வண்ணமும் தாளும்தான் வேண்டும் என்பதில்லை. களிமண், துணி, நூல், பழைய பத்திரிகை என்று எதுவும் ஆகும்.

இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். 1938இல் காசநோயால் சானடோரியத்தில் படுத்திருந்தபோது, படுக்கையில் இருந்தபடியே கண்ணில் பட்டதை வரைந்தார். அது தன்னைத் தேற்றுவதை உணர்ந்து, பக்கத்துக் கட்டில்காரர்களையும் வரைய வைத்தார். 1942இல் அதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், ஈடித் கிராமர் போன்றவர்கள் அதைத் தனித்துறையாக வளர்த்தார்கள்.

நீங்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?

நான் பிறந்தது இந்த ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா பால் வெட்டினார். அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. விடியுமுன்னே அவர்கள் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது, நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். எனக்குப் பதினொரு வயதில் மரங்களைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டார்கள். லயம் காலியானது. டவுன் ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம்.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, மலாய் போதவில்லை என்று புகுமுக வகுப்பில் போட்டார்கள். அந்த ஒரு வருடம் வகுப்பில் நான் வாய் திறந்ததாக நினைவில்லை. கேள்வி புரியும். பதிலும் தெரியும். ஆனால் அது தமிழில் வந்து தொண்டையில் நின்றுகொள்ளும். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எங்கள் லயத்தை வரைந்துகொண்டிருப்பேன். வீட்டு எண், பொதுக்குழாய், குழாயடியில் வரிசை பிடித்து வைத்த வாளிகள் வரைக்கும் வரும். ஓவிய ஆசிரியை ஒரு மலாய்க்காரர். அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. குழாயின்மேல் விரலை வைத்து, 'இனி ஆப்பா?' என்று கேட்டார். இது என்ன என்று அர்த்தம். 'பாயிப்' என்றேன். மறுநாள் வாளியைத் தொட்டார். 'பால்டி' என்றேன். எனக்கு மலாய் பேச வந்தது அப்படித்தான். அந்த அம்மா என் படத்துக்கு ஒரு நாளும் விளக்கம் சொன்னதில்லை. கேட்டார், காத்திருந்தார். நான் இன்றைக்குச் செய்யும் வேலையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிறகு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைத் துறை படித்து, பதிவு பெற்ற ஆலோசகராகச் சில வருடம் வேலை செய்தேன். எதிரே உட்காரும் தோட்டத்து ஜனங்களிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவால்லம்மா" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் கை மட்டும் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கும். அந்தக் கைகளுக்கு வேறு வழி வேண்டும் என்று தோன்றியது. சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியில் 2006 முதல் ஓவியச் சிகிச்சைக்கு முதுகலைப் படிப்பு நடக்கிறது. சேமித்ததையும் கடன் வாங்கியதையும் போட்டு அங்கே படித்துவிட்டு வந்தேன்.

எனக்கு நேராக ஒரு கோடுகூடப் போட வராதே?

பாதிப் பேர் இதைச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் முதல் சில வாரம் சிரமம். அழகாக வரவேண்டும் என்று கை அவர்களைப் பிடித்து இழுக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தாளைக் கிழித்து ஒட்டலாம். களிமண்ணை உருட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காரலாம். ஒன்றும் செய்யாமல் வண்ணப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

படத்தைப் பார்த்தே மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவீர்களாமே?

முடியாது. சொல்லவும் மாட்டேன். இந்தத் துறையைப் பற்றி ஒன்றே ஒன்று நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: படத்தின் பொருள் வரைந்தவருக்குச் சொந்தம்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் போன ஒரு பெரியவரை அவர் மகள் அழைத்து வந்தார். இடது கையில் தடிமனான ஆயில் பேஸ்டல் ஒன்றைக் கொடுத்தேன். தாளை மேசையோடு டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ரொம்ப நேரம் தாளைப் பார்த்தார். அப்புறம் ஒரு சிறு கோடு போட்டார். இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழே, சாய்வாக. அதற்கு அடியில் ஒட்டினாற்போல இன்னொன்று. அடியில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பழக்கமில்லாத கை நடுங்கியது. ஆனாலும் சாய்வு மாறவே இல்லை.

அப்போது எங்களோடு பயிற்சியில் இருந்த ஒரு பெண், நகரத்தில் வளர்ந்தவர், தன் குறிப்பில் 'கோடுகள் எல்லாம் கீழ்நோக்கிச் சரிகின்றன, மனச்சோர்வாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். பால் வெட்டுகிறவர் மகளாக இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பால்மரத்தில் உளி போகும் பாதை அது. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போகக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்கின்றன. அதனால்தான் இடமேலிருந்து வலக்கீழாக, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் வெட்டுவார்கள். அப்போதுதான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால் இறங்கும். அடுத்த வெட்டு முந்தின வெட்டுக்கு ஒரு நூல் அடியில் விழும். பட்டையை மெலிசாகச் சீவவேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும்.

கடைசிக் கோட்டின் கீழ் முனையில் அவர் ஓர் அரைவட்டம் போட்டார். பால் பிடிக்கும் மங்கு. நான், "ஐயா, எத்தன மரம்?" என்று கேட்டேன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். "ஐந்நூறா?" தலையை ஆட்டினார். மருந்து வேணுமா, சோறு வேணுமா என்பதைத் தவிர மாதக்கணக்கில் அவரிடம் எதுவும் கேட்காமல் இருந்த மகள், நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த நெரைப்பா? ஆத்தோரமா, மேட்டுப் பக்கமா?" என்று ஆரம்பித்தார். அந்த ஒரு தாளில் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். அவர் விரலாலும் தலையாலும்.

அந்தக் கோடுகளில் சோகமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருந்திருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான், நான் இல்லை.

இதே போல, பிள்ளை எல்லாவற்றையும் கறுப்பில் வரைகிறது என்று பயந்து வரும் பெற்றோர் நிறையப் பேர். முதலில் பிள்ளையைக் கேளுங்கள். "மத்த கலரெல்லாம் கூட்டாளிங்க எடுத்துட்டாங்க" என்ற பதிலை நான் ஒரு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன்.

இது தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்களுக்கா?

ஈப்போவிலிருந்து வடக்கே ரயிலில் வந்தால் தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டித்தான் நம் ஊர். அங்கே இருக்கும் பஹாகியா உலு கிந்தா மனநல மருத்துவமனை 1911இல் தொடங்கியது. அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக ஆக்கிவிட்டோம். சண்டையில், விளையாட்டில், பள்ளிக்கூடத்தில், "நீ தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டியவன்" என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து, சிகிச்சை எடுக்க வேண்டியவர்கள் வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அங்கே போய்க் குணமடைந்து, வேலைக்குத் திரும்பி, பேரப்பிள்ளை எடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வாய் திறந்து சொல்லத்தான் முடியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் இங்கே வருகிறார்கள். எஸ்பிஎம் என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுப் பயத்தில் தூக்கம் போன பிள்ளைகள், கணவரைப் பறிகொடுத்தவர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு களைத்துப்போன மருமகள்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்ன செய்வது என்று தெரியாத அண்ணன்மார்களும் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மேசைதான்.

யார் யார் வரலாம்? வீல்சேர், காது கேளாதவர், வேறு மொழிக்காரர்?

எல்லோரும் வரலாம் என்று பலகையில் எழுதுவது சுலபம். வந்தவர் உட்கார இடமில்லை என்றால் அந்தப் பலகைக்கு அர்த்தமில்லை. அதனால் என்னென்ன செய்திருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் போதுமா என்று நீங்களே பாருங்கள்.

மாடியில் வாடகை குறைவு. இருந்தாலும் கீழ்த்தளத்தை எடுத்தோம். அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், ஒரு படி உயரம் இருக்கிறது. அதற்குப் பலகைச் சரிவு வைத்திருக்கிறோம். ஒரு மேசை, வீல்சேர் கைப்பிடி உள்ளே போகும் உயரத்தில் இருக்கும். தூரிகை பிடிக்க முடியாதவர்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியில் சுற்றித் தடிமனாக்கித் தருவோம். ஈரக் களிமண் பட்டாலே உடம்பு கூசும் சில பிள்ளைகளுக்கு, களிமண்ணைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தால் வெளியிலிருந்து அமுக்குவார்கள். நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டித் தூக்கியவர்கள் கையில் கூர்மையான பென்சிலைக் கொடுக்கக்கூடாது. அவர்களுக்குப் பெரிய தாள், கரித்துண்டு, நின்றுகொண்டு வரைய சுவர்.

மொழி. எனக்குத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் வரும். கேண்டனீஸ் கொஞ்சம்தான். காது கேளாதவர் வருவதாக முன்கூட்டியே சொன்னால் மலேசியச் சைகைமொழி தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்கிறோம். நம் ஊருக்கு உள்ளே மலைப்பக்கம் தெமியார் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஒரு தெமியார்ப் பாட்டி மூங்கில் பட்டையைக் கொண்டுவந்து தானே முடைந்தார், நான் உடன் அமர்ந்து தப்புத்தப்பாக முடைந்தேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டவள் நான்.

சமயம். மனித உருவம் வரைய விரும்பாத முஸ்லிம்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வடிவங்கள், துணி, இலைப்பதிவு என்று எவ்வளவோ இருக்கிறது. தூரிகையிலும் ஒரு விஷயம் உண்டு. விலை உயர்ந்த எண்ணெய்வண்ணத் தூரிகைகள் பல பன்றி முடியால் செய்தவை. மலேசியாவில் அப்படிப்பட்ட பொருளை அடையாளமிட்டு விற்கவேண்டும் என்று 2013இலேயே உத்தரவு வந்துவிட்டது. எங்கள் அறையில் நைலான் தூரிகை மட்டுமே. மலாய்க்காரர் ஒருவர் உள்ளே வந்து தூரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சங்கடப்படும் நிலையே வரக்கூடாது.

கடைசியாக, நம்மவர்களுக்குள் இருக்கும் ஒன்று. குழுவில் புதிதாக ஒருவர் வந்தால், "எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் புள்ள? என்ன சாமி கும்பிடுறீங்க?" என்று விசாரிப்பு தொடங்கும். மூன்றாவது கேள்வி எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த அறையில் அதைக் கேட்கக்கூடாது என்பது விதி. கேட்டவரை நானே நிறுத்துவேன், எவ்வளவு பெரியவராக இருந்தாலும். ஒரே பிளாஸ்கில் தேநீர், ஒரே தட்டில் பிஸ்கட்.

பெண்கள் வந்தால் கோலம் போடச் சொல்வீர்களா?

யாரையும் எதையும் போடச் சொல்வதில்லை. கோலம் நம் கலை, நம் கைக்குப் பழகியது, அதனால் நமக்கு நல்லது என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படி நினைத்தேன்.

குழுவில் ஓர் அக்கா இருந்தார். லயத்தில் முப்பது வருடம் தினமும் விடிகாலையில் வாசலில் கோலம் போட்டவர். கணவர் இறந்தபின் போடக்கூடாது என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. கறுப்புத் தாளையும் வெள்ளைச் சாக்கையும் எல்லோருக்கும் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். அவர் சாக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் போடக்கூடாதும்மா" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் மேசைக்கு அடியில், மடியில் வைத்த கையில், கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் அவரே கேட்டார்: "காயிதத்துல பென்சிலால போட்டா தப்பாம்மா?" தப்பில்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் இன்னொருவர் தீர்ப்பாகிவிடும். "உங்களுக்கு எப்படித் தோணுது அக்கா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பென்சிலை எடுத்தார். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நான்கு. அழிக்காமல், கையை எடுக்காமல், ஒரே இழையில் சிக்குக்கோலம். முடிந்ததும் நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவர் அன்று எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொரு தவறு நான் செய்தது. அரிசிக்குச் சாயம் ஏற்றி ஒட்டிப் படம் செய்யலாம் என்று ஒரு நாள் வைத்தேன். தொண்ணூறைத் தொடும் ஒரு பாட்டி கோபத்தில் எழுந்துவிட்டார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்கு அலைந்து மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர். "சோத்துல கோந்து தடவுறதா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து உணவுப் பொருள் எதுவும் எங்கள் மேசைக்கு வருவதில்லை.

பழைய விஷயங்களைக் கிளறி விட்டுவிடுவீர்களோ?

இந்தப் பயம் நியாயமானது. நம் குடும்பங்களில் சொல்லாமல் புதைத்தவை நிறைய. 1942, 43இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. திரும்பி வந்த தாத்தாக்கள் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை என்று பேரப்பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாய் திறக்காமல் இருந்ததுதான் அவர்களை உயிரோடு வைத்திருந்ததோ என்னவோ. அதை மதிக்கத் தெரிய வேண்டும்.

அதே யுத்தக் காலத்தில் ஐரோப்பாவில் தெரெசின் முகாமில் நாஜிகள் அடைத்து வைத்திருந்த யூதக் குழந்தைகளுக்கு ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் வரையக் கற்றுக்கொடுத்தார். ஈடித் கிராமர் இவருடைய மாணவி. முகாமின் கொடுமையை வரையுங்கள் என்று டிக்கர் பிராண்டைஸ் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பூக்களை, ஜன்னலை, வீட்டை வரைந்தார்கள். 1944இல் அவரை ஆஷ்விட்சில் கொன்றார்கள். ஆனால் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. படங்கள் இருக்கின்றன.

ஆகவே என் அறையில் யாரும் 'அந்த நாளை வரையுங்கள்' என்று உங்களைக் கேட்கமாட்டார்கள். நீங்கள் ஒரு வருடம் வாழைமரமே வரைந்துகொண்டிருந்தாலும் அது சிகிச்சைதான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு உதவுமா? ஓகேயு கார்டு வேண்டுமா?

கார்டு வேண்டாம். ஓகேயு கார்டு என்பது மாற்றுத்திறனாளி அட்டை. அது சமூகநலத்துறையின் உதவிகளுக்கு. எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, எங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. ஓவியச் சிகிச்சை ஆட்டிசத்தைப் போக்காது. போக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிள்ளை அமைதியாக இருக்க ஓர் இடம், தன் விருப்பத்தைக் காட்ட ஒரு வழி, இன்னொருவரோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்யும் பழக்கம் இவை கிடைக்கலாம். ஒரு பையன் இரண்டு மாதம் கிரேயான்களை உயர வரிசையில் அடுக்கிவிட்டுப் போவான். மூன்றாவது மாதம் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினான். நான் வாங்கி அவன் வரிசையின் கடைசியில் வைத்தேன். அம்மாவுக்கு அன்றைக்கு அது பெரிய நாள்.

கோயிலுக்கு நேர்ந்திருக்கிறோம், குறியும் கேட்டோம். இதையும் செய்யலாமா?

செய்யலாம். வேண்டுதலை நிறுத்தச் சொல்லமாட்டேன். அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது, டாக்டர் மருந்தை நிறுத்துவது, இந்த நான்கில் எது நடந்தாலும் நான் பேசாமல் இருக்கமாட்டேன்.

மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மட்டும் வரலாமா?

வேண்டாம். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. இதுவரை யாரையும் பார்க்கவில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் தொடங்குங்கள். மலேசியர்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

இது வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி இருக்கிறதா?

இருக்கிறது, சிலதில் சாதகம், சிலதில் இல்லை. 2016இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறு ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் கலைப்பொருளோடு விட்டுப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசோல் என்ற சுரப்பு குறைந்திருந்தது. முன்னனுபவம் இருந்ததோ இல்லையோ வித்தியாசம் தெரியவில்லை. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் கலையும் உடல்நலமும் பற்றிய 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நல்லவிதமாகவே சொன்னது. ஆனால் 2012இல் பிரிட்டனில் ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) உள்ள 417 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், வாரம் ஒருமுறை குழு ஓவியச் சிகிச்சை கொடுத்தும் பெரிய பலன் தெரியவில்லை. குழுவுக்கு ஒழுங்காக வந்தவர்களே குறைவு. இதை நான் மறைக்க விரும்பவில்லை. யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு நாள் என்பதைப் பொறுத்தது. ஆறு வாரம் வந்து பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் உட்கார்ந்து பேசி வேறு வழி பார்ப்போம்.

மலேசியாவில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் உண்டா? போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிட்டனில் பதிவு இல்லாமல் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்று போட்டுக்கொள்வது சட்டவிரோதம். இங்கே அந்தப் பெயருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆலோசகர் என்று தொழில் செய்ய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். எனக்கு அது இருக்கிறது, சுவரில் மாட்டியிருக்கிறேன். ஓவியச் சிகிச்சைக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியப் படைப்புக்கலைச் சிகிச்சையாளர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். யாரிடம் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம் மேற்பார்வையோடு பயிற்சி செய்தீர்கள், இப்போதும் உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா. வாரக் கடைசியில் இரண்டு நாள் பட்டறை முடித்துவிட்டுச் சிகிச்சை என்று போடுகிறவர்கள் நல்ல மனம் உள்ளவர்களாகவே இருக்கலாம். புண்ணைத் திறந்துவிட்டு மூடத் தெரியவில்லை என்றால் நல்ல மனம் போதாது.

ஊர் சின்னது. நான் வந்தது வெளியே தெரிந்துவிடுமே?

பலகையில் 'சிகிச்சை' என்ற சொல்லே இல்லை. மூன்று மொழியிலும் 'ஓவிய அறை' என்றுதான் இருக்கிறது. பின்வாசல் உண்டு, மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தலாம். கடைத்தெருவில் பார்த்தால் நீங்கள் பேசும்வரை நான் பேசமாட்டேன், திமிர் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் சொன்னதை வீட்டாரிடமும் சொல்வதில்லை. உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டிவரும். அதையும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

இப்போதே தாங்க முடியவில்லை என்றால்?

அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. தாலியான் காசே 15999, இருபத்து நான்கு மணி நேரமும். பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. போலீஸ் பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

கட்டணம்?

தனி அமர்வு 70 வெள்ளி, குழு 15. முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம், காரணம் கேட்கமாட்டோம். சம்பளம் வரும்வரை பொறுக்கச் சொன்னாலும் சரி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு காலைக் குழு இலவசம்.

செய்த படங்கள் என்ன ஆகும்?

உங்களுடையவை. கொண்டுபோகலாம், இங்கே வைக்கலாம், கிழித்துப் போடலாம். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றால் பெயர் எழுதாத கோப்பில் அலமாரியில் பூட்டி வைப்போம். உங்களைக் கேட்காமல் கண்காட்சியில் வைப்பதோ முகநூலில் போடுவதோ நடக்காது. பால் வெட்டிய அந்தப் பெரியவர் படத்தை மகள் கொண்டுபோய் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒட்டும்போது தாள் கொஞ்சம் கோணலாகிவிட, அவர் கையைத் தட்டி நிறுத்தி, சாய்வு சரியாகும்வரை திருப்பி ஒட்ட வைத்தாராம்.

முதல் நாள் எதையெல்லாம் கொண்டுவர வேண்டும்?

சாயம் பட்டால் கவலைப்படாத ஒரு சட்டை. கண்ணாடி போடுபவராக இருந்தால் கண்ணாடி. வேலை முடிந்து நேராக வந்தால் பசியாறிவிட்டு வாருங்கள். மறந்துவிட்டால் பிஸ்கட் இருக்கிறது.